விஜயகுமாரி டீச்சரின் இரண்டு வட்டங்கள்

போர்ட் பிளேர் ஜங்லிகாட்டில் இருபத்தெட்டு வருடமாக டிங்கி என்கிற சின்னப் படகு ஓட்டி மீன் பிடிக்கிறேன். இந்த ஜெட்டியில் நான் வாய்ச்சண்டை போடாத ஆள் குறைவு. கைச்சண்டையும் இரண்டு உண்டு. இரண்டிலும் நான்தான் முதலில் கை வைத்தேன், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் இத்தனை பேரில் எனக்கு எதிராகப் பேப்பரில் எழுதி மனு போட்ட ஒரே ஆள் என் மகள் சோனியாதான்.

மே மாதம் மூன்றாம் தேதி. கடலிலிருந்து வந்து, குளித்துவிட்டுச் சோற்றில் கை வைத்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்து வீட்டில் இருந்த சோனியா இரண்டு தாளை நீட்டினாள். ஒன்று எனக்காம், இன்னொன்றில் கையெழுத்துப் போட்டு அவளிடம் திருப்பித் தரவேண்டுமாம். ஏதோ பள்ளிக்கூடத்துக் காகிதம் என்று நினைத்தேன். வலது கையெல்லாம் மீன் குழம்பு. இடது கையால் கோணல்மாணலாகக் கிறுக்கிக் கொடுத்தேன். "தேதியும் போடுங்கப்பா" என்றாள். அதையும் போட்டேன். புத்தி கெட்ட வேலை.

சாப்பிட்டு முடித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தால், 'பெறுநர்: திரு. இருதயநாதன், குடும்பத் தலைவர்' என்று ஆரம்பிக்கிறது. தூத்துக்குடியில் நான்கு வருட மீன்வளப் படிப்பில் தீவுப் பிள்ளைகளுக்கென்று இடம் இருக்கிறது, ஜூன் ஐந்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், தனக்கு இன்னும் பதினெட்டு ஆகாததால் தகப்பனார் கையெழுத்து தேவை, அதைத் தந்து உதவுமாறு வேண்டுகிறேன் என்று எழுதியிருந்தாள். அதோடு விட்டாளா? முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டுமாம். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டுமாம். பதிலில் திருப்தி இல்லாவிட்டால் முதல் மேல்முறையீடு திருமதி கிளாரா அவர்களிடம் செய்யப்படுமாம்.

திருமதி கிளாரா என் மனைவி. அடுப்படியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் ஒரு போஸ்டிங் குடுத்திருக்கா, பாத்தியளா" என்றாள்.

இந்தப் படிப்பு விஷயமாகச் சோனியா அதற்கு முன்பே மூன்று முறை என்னிடம் கேட்டிருந்தாள். மூன்று முறையும் வேண்டாம் என்றேன். ஏன் என்றால், வேண்டாம்னா வேண்டாம். ஒரு வீட்டில் தகப்பன் சொல்ல அவ்வளவு போதாதா? போதாது என்று இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த டீச்சரிடம் இவளை அனுப்பியதே நான்தான். அதனால்தான் எனக்கு இரண்டு மடங்கு எரிந்தது.

விஜயகுமாரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பஜார் சந்துக்குள் 'தம்பையா ஜெராக்ஸ்' என்று ஒரு கடை இருக்கிறது, விஜயகுமாரிதான் அதற்கு முதலாளி. வயது முப்பத்து நாலு. பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, வக்கீலும் இல்லை. சட்ட உதவித் தன்னார்வலர் என்று பயிற்சி எடுத்து அடையாள அட்டை வைத்திருக்கிறார். பஜாரில் யாராவது வக்கீல் மேடம் என்று கூப்பிட்டால் முகம் கறுத்துவிடும். "கோட்டும் இல்ல, ஃபீஸும் இல்ல, எதுக்கு இந்தப் பட்டம்?" என்பார். அதனால் நாங்கள் டீச்சர் என்றோம், பிள்ளைகள் இந்தியில் அக்கா என்பதைப் போலத் தீதி என்றார்கள். கடைக்கு மகள் என் பெயரை வைத்திருக்கிறாள், அதனால் இங்கே மட்டும் கடன் சொல்லாதீர்கள் என்று ஒரு அட்டை தொங்கும். எழுதி மாட்டியது டீச்சரின் அப்பா தம்பையா அண்ணன்.

தம்பையா இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு வந்தவர். இந்தியாவுக்குள் கால் வைத்ததும் மறுபடி கப்பலில் ஏற்றி, நிக்கோபார் பக்கத்துக் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்ட விட்டார்கள். விஜயகுமாரி பிறந்தது அங்கேதான். சுனாமி வந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. தோட்டம் மேட்டில் இருந்ததால் உயிர் தப்பியது. ஆனால் குடும்பத்தின் பேப்பர் அத்தனையும் கரையோரத்தில் உறவுக்காரர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. பெட்டியும் இல்லை, வீடும் இல்லை, உறவுக்காரரும் இல்லை.

போர்ட் பிளேருக்கு வந்த பிறகு, தாங்கள் யார் என்பதற்கு ஒரு சான்றிதழ் வாங்க தம்பையா ஒரு ஆபீஸுக்கு நடந்தார். எந்த ஆபீஸ் என்று கேட்டால் டீச்சர் சொல்ல மாட்டார். பதினொரு தடவை மனு கொடுத்தார். பதினொரு தடவையும் வாங்கி வைத்துக்கொண்டு 'கல் ஆனா', நாளைக்கு வா என்றார்கள். பன்னிரண்டாம் தடவை போனபோது நாற்காலியில் வேறு ஆள். ஃபைலைத் தேடிவிட்டு இந்தியில் ஏதோ சொன்னார். தம்பையாவுக்கு அப்போது இந்தி வராது. பக்கத்தில் நின்ற பெண்பிள்ளைதான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"அப்பா, நீங்க இங்க வந்ததே இல்லன்னு சொல்றாரு."

ஒரு வருட நடைக்குத் தம்பையா கையில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. மனு கொடுத்ததற்கு அத்தாட்சி கேட்கலாம் என்றே அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்தேன் அண்ணே, அதற்குப் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது, கோபம் மட்டும்தான் இருந்தது என்று டீச்சர் ஒருநாள் என்னிடம் சொன்னார். எனக்கும் கோபக்காரர்களைத்தான் பிடிக்கும்.

இன்றைக்குத் தம்பையா அண்ணனிடம் எல்லாச் சான்றிதழும் உண்டு. கடையில் லேமினேஷன் மெஷின் அவர் பொறுப்பு. கையில் எந்தப் பேப்பர் கிடைத்தாலும் உள்ளே தள்ளிவிடுவார். ஒரு தடவை என் கரண்ட் பில்லை லேமினேஷன் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு காலனி சமூகக் கூடத்தில் டீச்சர் வகுப்பு நடத்துவார். வயது பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை, இருபத்திரண்டு பிள்ளைகள். தமிழ், தெலுங்கு, வங்காளி, மலையாளி என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. பேச்சு பெரும்பாலும் இந்தியில், ஆத்திரம் வந்தால் டீச்சர் தமிழுக்கு மாறிவிடுவார். அரசமைப்புச் சட்டப் புத்தகம் மேஜையில் இருக்கும், ஆனால் அதிலிருந்து ஆரம்பிக்க மாட்டார். "இந்த வாரம் உனக்கு 'இல்லை' சொன்னது யாரு?" என்றுதான் ஆரம்பிப்பார். ஆளுக்கு ஒரு துண்டுத் தாளில் அதை எழுத வேண்டும். தரையில் சாக்கட்டியால் இரண்டு வட்டம் போட்டிருக்கும். ஒன்று சர்க்கார், இன்னொன்று சர்க்கார் இல்லை. அந்த 'இல்லை' எந்த வட்டத்தில் விழும் என்று பிள்ளைகளே அடித்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும். முடிவான பிறகுதான் புத்தகம் திறக்கும்.

ஆஸ்பத்திரிச் சீட்டு தர மறுத்தது, சாதிச் சான்றிதழ் இழுத்தடித்தது என்று சர்க்கார் வட்டம் வாராவாரம் நிறையும். எல்லோரும் சமம் என்று சட்டம் சொன்னால் வரிசையில் பின்னால் வந்தவனுக்கு முன்னால் எப்படிக் கிடைத்தது, அதை யாரிடம் எப்படிக் கேட்பது என்று பாடம் ஓடும். நாகராஜ் என்று ஒரு தெலுங்குப் பையன், ஸ்கூட்டர் சாவியைப் போலீஸ் பிடுங்கிவிட்டது, என் சுதந்திரம் போச்சு என்று எழுதி வந்தான். வயது பதினாறு.

"உரிமை எல்லாம் பேசலாம்டா, முதல்ல லைசன்ஸ எடு, பாப்போம்" என்றார் டீச்சர். கூடமே அவனைப் பார்த்துச் சிரித்ததாம்.

எந்த மனுவும் இரண்டு பிரதி. இரண்டாவதில் முத்திரையோ கையெழுத்தோ தேதியோடு வாங்க வேண்டும். ஆபீஸ் பாஷையில் அதற்கு ரிசீவிங். ரிசீவிங் வாங்காமல் வரும் பிள்ளையை டீச்சர் கூடத்துக்குள் விடமாட்டார்.

என் டிங்கி லைசன்ஸ் புதுப்பிக்கக் கொடுத்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. போனால் 'பிராசஸ்ல இருக்கு' என்பார்கள். அந்த பிராசஸைப் பிடித்துக் கடலில் தள்ளலாமா என்று எனக்குத் தோன்றும். டீச்சர் வகுப்பில் பயிற்சிக்காக என் கேஸை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தார்கள். நான் கையெழுத்துப் போட்டு, ரிசீவிங் வாங்கி வந்தேன். இருபத்தாறாம் நாள் தபால் வந்தது. என் விண்ணப்பத்தில் போட்டோ ஒட்டவில்லையாம். ஒரு போட்டோ. அதைப் பதினான்கு மாதத்தில் ஒரு வாய் சொல்லியிருக்கலாம். ஒட்டிக் கொடுத்தேன், பத்து நாளில் லைசன்ஸ் வந்தது.

அன்றைக்கு இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தேன். மீன் மார்க்கெட்டில் ஒவ்வொரு தட்டாக நின்று, புள்ளைகளை அந்த டீச்சர்ட்ட அனுப்புங்கல என்று தொண்டை கிழியச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை சோனியாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தேன். அவள் எழுதிய முதல் பெரிய மனு எனக்கே வந்தது.

மே பத்தாம் தேதி, சனிக்கிழமை, மனுவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"டீச்சர், புள்ளைகளுக்கு என்ன படிச்சுக் குடுக்கிய? பெத்த அப்பனுக்கு நோட்டீஸ் விடவா?"

டீச்சர் தாளை வாங்கிக் கடைசி வரி வரை படித்தார். சிரிப்பு வந்து அதை விழுங்கியதையும் பார்த்தேன்.

"இதுக்கு ரிசீவிங் போட்டிருக்கீங்களா அண்ணே?"

"சாப்பிடும்போது நீட்டினா. தெரியாமப் போட்டேன்."

"சரி, உட்காருங்க. இங்கயே தீர்த்துருவோம்" என்றார். பிறகு சோனியாவைப் பார்த்து, "இந்த 'இல்லை' எந்த வட்டம்?" என்று கேட்டார்.

சோனியா எழுந்து வந்து, ஒரு நிமிஷம் கூட யோசிக்காமல், தாளைச் சர்க்கார் வட்டத்தின் நடுவில் வைத்தாள். கூடம் கலகலத்தது. உங்கப்பா என்ன சர்க்காரா என்று நாகராஜ் இந்தியில் கேட்டான்.

"ஆமா" என்றாள் சோனியா. "நான் வெளிய போகணும்னா பர்மிஷன் யார் தர்றது? அப்பா. என் சர்டிஃபிகேட் எல்லாம் யாரோட பெட்டியில பூட்டி இருக்கு? அப்பாவோடதுல. தப்பு செஞ்சா தண்டனை தர்றதும் அப்பா. ஏன்னு கேட்டா பதில் கிடையாது. இதுக்குப் பேரு சர்க்கார் இல்லன்னா வேற என்ன தீதி?"

பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கு மூக்கு சிவந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு முதலில் மூக்குதான் சிவக்கும் என்று கிளாரா சொல்வாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மகள் பேசிய பேச்சு எனக்கே பிடித்திருந்தது. இப்படி ஒருத்தி எங்கள் மீனவர் சங்கத்தில் இருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

"வாதம் நல்லா இருக்கு. ஆனா தோத்துருவ" என்றார் டீச்சர். "பன்னிரண்டாவது பிரிவைத் திற. அரசுன்னா யாரு யாருன்னு அதுல எழுதியிருக்கு. பார்லிமென்ட் இருக்கு. மாநில அரசாங்கம் இருக்கு. உள்ளாட்சி இருக்கு. இருதயநாதன் இருக்கா?"

சோனியா புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, "இல்ல" என்றாள்.

"சமத்துவம், பேச்சுரிமை, எங்க வேணா போய் இருக்கிற உரிமை எல்லாம் முதல்ல நீ இந்த வட்டத்துக்கிட்ட கேக்க வேண்டியது. வீட்டுக்குள்ள அடிச்சாலோ, இந்த வயசுல கல்யாணம் பண்ணி வச்சாலோ அதுக்கு வேற சட்டம் இருக்கு, நானே உன்கூட வருவேன். ஆனா உங்கப்பா உனக்குக் காரணம் எழுதித் தரணும்னு எந்தச் சட்டத்திலயும் இல்ல."

குனிந்து அந்தத் தாளை எடுத்து அடுத்த வட்டத்தில் வைத்தார். சோனியாவின் முகம் வாடியதை நான் பார்த்தேன். டீச்சரும் பார்த்தார்.

"இதுல தப்பு என்னோடது" என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "வீட்டைப் பத்தி ஒரு நாள்கூட நான் பாடம் எடுக்கல. ஆபீஸ்ல பேசுற மாதிரியே வீட்லயும் பேசலாம்னு நினைக்க வச்சது நான்தான்."

கேஸில் நான் ஜெயித்துவிட்டேன். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது ஒரு உறுதிக்காகக் கேட்டேன்.

"அப்போ நான் பதில் தரவேண்டியது இல்லல்லா?"

"சட்டப்படி வேண்டாம் அண்ணே."

"சட்டப்படி இல்லாம?"

"மனு வரலைன்னு நீங்க சொல்ல முடியாது. அவ்வளவுதான்" என்றார் டீச்சர்.

வீட்டுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன். சோனியா சண்டை போடுவாள், அழுவாள், சாப்பிட மாட்டாள் என்று எதிர்பார்த்து, அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் எதுவும் செய்யவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிட்டாள், வலைக்கு முடிச்சுப் போட உதவினாள், ஐஸ் பெட்டி கழுவினாள். காலையில் காலண்டரில் தேதி கிழிப்பாள், கிழித்த தாளின் பின்னால் மனு கொடுத்து எத்தனை நாள் என்று எண் எழுதி வைப்பாள். எட்டு, ஒன்பது, பத்து. கேட்டிருந்தால் கத்தியிருப்பேன். கேட்கவே இல்லை.

கிளாரா என்னை வதைத்தது தனி. சாப்பிடக் கூப்பிடும்போது "பாபு சாப், வாங்க" என்பாள். ஆபீஸ் குமாஸ்தாக்களை நாங்கள் இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். "ஃபைல் எந்த மட்டுல இருக்கு பாபு சாப்? பிராசஸ்லயா?" என்று சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்பாள். ஒருநாள் கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். எழுந்து போய் வாசலில் நின்றபோது அந்தப் பதினான்கு மாதம் ஞாபகம் வந்தது. அந்த ஜன்னலுக்கு வெளியே நான் நின்ற நிலை, உள்ளே இருந்தவன் தலையைக்கூடத் தூக்காமல் சொன்ன சொல். அவனை நான் திட்டாத திட்டு கிடையாது. இப்போது என் வீட்டில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, சொல்வதற்கென்ன.

சரி, மறுப்பதை ஒழுங்காக மறுத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். இருபத்தாறாம் நாள் மத்தியானம் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன். 'மனு நிராகரிக்கப்படுகிறது. காரணம்' என்று எழுதினேன். அதற்குமேல் பேனா ஓடவில்லை. எங்கள் சங்கத்துக் கடிதம் எல்லாம் நான்தான் எழுதுவேன், எழுத வராமல் இல்லை. மண்டை காய்ந்ததுதான் மிச்சம். தாளை மடித்து எடுத்துக்கொண்டு நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

"டீச்சர், எம் மவ மனுவுக்கு மறுப்பு எழுதணும். எழுதித் தருவியளா?"

இல்லை என்று சொல்வார், சொன்னால் அதையே சாக்காக வைத்துச் சண்டை போடலாம் என்று ஒரு நினைப்பு. டீச்சர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"கடைக்கு யார் வந்தாலும் எழுதித் தருவேன். உட்காருங்க அண்ணே. காரணத்தைச் சொல்லுங்க."

"தூரம்."

எழுதப் போனவர் நிறுத்தினார். "ஜெரினை எங்க அனுப்பினீங்க?"

ஜெரின் என் மூத்தவன். நாலு வருடத்துக்கு முன்னால் சென்னைக்குப் படிக்கப் போனான். "சென்னைக்கு" என்றேன். அது மட்டும் பக்கமா என்று அவர் கேட்கவில்லை. அடுத்ததைச் சொன்னேன்.

"பொம்பளப் புள்ள."

"எழுதிருவேன். ஆனா கீழ உங்க கையெழுத்து இருக்கும். சோனியா அதை வாசிப்பா. அம்பது வயசுலயும் எடுத்து வாசிப்பா. எழுதவா?"

"வேண்டாம். விடுங்க."

"வேற?"

"அங்க யாரு இருக்கா அவளுக்கு?"

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். "தூத்துக்குடி உங்க சொந்த ஊர் இல்லீங்களா?"

அசடு வழிந்தது எனக்கு. என் அண்ணன் வீடு அங்கே கடற்கரைத் தெருவில்தான் இருக்கிறது. தம்பையா அண்ணன் மெஷினில் யாருடைய ரேஷன் கார்டையோ தள்ளிக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் என்னை உசுப்பிவிட்டது. உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டேன்.

"போனா திரும்ப மாட்டா டீச்சர். அதுதான் காரணம். எழுதிக்கிடுங்க."

"அதுக்கு ஆதாரம்?"

"ஜெரின். நாலு வருசத்துல ஒரே ஒரு தடவை வந்தான். ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். நெட்வொர்க் இல்லைம்பான், வச்சிருவான். அவன் ரூம்ல அவன் துணி அப்படியே மடிச்சு வச்சபடி இருக்கு. கிளாரா தூசி தட்டுதா."

"அவன் வராததுக்கு இவ என்ன செய்வா அண்ணே? ஒரு ஆளை வச்சு எல்லாரும் அப்படித்தான்னு சொல்ல முடியாது. வேற ஆதாரம் இருக்கா?"

மெஷின் சத்தம் நின்றிருந்தது.

"நான்" என்றேன்.

பத்தொன்பது வயதில் ஒரு சட்டை, ஒரு பையோடு கப்பல் ஏறியவன் நான். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள் என்று தெரியும். அண்ணனிடம், மூணு மாசத்துல வந்துருவேன்னு அம்மாட்டச் சொல்லிரு என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன். மூன்று மாதம் ஆறு வருடம் ஆனது. அம்மா செத்த செய்தி வந்தபோது அடுத்த கப்பலுக்கு ஒன்பது நாள் இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கல்லறையில் சிமென்ட் காய்ந்திருந்தது. அம்மா அண்ணனிடம் அடிக்கடி கேட்பாளாம், எங்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லாமப் போனான் என்று. இதைக் கிளாராவிடம்கூட நான் முழுசாகச் சொன்னதில்லை. ஜெராக்ஸ் கடையில், ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன்.

டீச்சர் ஆறுதல் சொல்லவில்லை. ஆறுதல் சொன்னால் எனக்குப் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். நான் மூக்கைத் துடைத்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"இது உண்மையான காரணம் அண்ணே. இதை எழுதலாம். நானே நல்லா எழுதித் தரேன்" என்று சொல்லிவிட்டு எழுதினார். எழுதியதைத் திருப்பி வாசித்தார். "மனுதாரர் சென்றால் திரும்ப மாட்டார் என்று தந்தை அஞ்சுகிறார். தந்தையும் தம் தாயிடம் சொல்லாமல் வந்து, திரும்பாதவர். ஆகவே மனு நிராகரிக்கப்படுகிறது. சரியா இருக்கா? சரின்னா கையெழுத்துப் போடுங்க."

அதைக் காதால் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஓடி வந்தது நான். அதற்கு மறுப்பு வாங்குவது என் மகள். அவள் கப்பல் ஏறி ஓடவில்லை. ஆகஸ்டில் பதினெட்டு ஆகிறது, நினைத்தால் அதற்கு அப்புறம் என்னைக் கேட்காமலே எங்கே வேண்டுமானாலும் போகலாம். அதையும் டீச்சர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார். தெரிந்தும் கேட்டிருக்கிறாள். சோற்றுத் தட்டுக்கு முன்னால் வந்து நின்று, என் பெயரைப் போட்டு, இரண்டு பிரதி எடுத்துக் கேட்டிருக்கிறாள்.

"பேனாவைத் தாங்க" என்றேன். "இதை நானே எழுதுதேன்."

டீச்சர் எழுதிய தாளை வாங்கிக் கிழித்தேன். புதுத் தாளில் என் கையால் எழுதினேன். 'தங்கள் மனு ஏற்கப்படுகிறது. காரணம்: நான் கேட்காமல் வந்தவன். நீ கேட்டாய்.' அதற்குக் கீழே, வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு வந்தே தீர வேண்டும் என்று ஒரு நிபந்தனை எழுதப் போனேன். டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"நிபந்தனை போடாதீங்க அண்ணே. ஓடுற புள்ளையா இருந்தா அதைக் கிழிச்சிப் போட்டுட்டு ஓடும்."

போடவில்லை. இரண்டு பிரதி எடுத்தேன். தம்பையா அண்ணன் லேமினேஷன் போடக் கை நீட்டினார். டீச்சர் தட்டிவிட்டார்.

"முதல்ல ரிசீவிங் வாங்கட்டும்ப்பா."

வீட்டுக்குப் போனபோது சோனியா வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு தாளையும் நீட்டினேன். ஒண்ணு உனக்கு, ஒண்ணுல கையெழுத்துப் போட்டுத் தா என்றேன். வாசித்தாள். மறுபடி வாசித்தாள். உள்ளே இருந்து கிளாரா அரிசி டப்பாவைத் திறந்து ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். மேல்முறையீட்டுத் தீர்ப்பாம். மே மூன்றாம் தேதியே எழுதி வைத்திருந்தாளாம். என்ன எழுதியிருந்தாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சோனியா கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, இரண்டாவது பிரதியில் பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டாள். பிறகு ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அதற்குக் கீழே இன்னும் ஏதோ எழுதினாள். என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தேன். 'முதல் விடுமுறைக்கு வீடு திரும்பும் நாள்: டிசம்பர் 18' என்று எழுதியிருந்தாள். அதை நான் கேட்கவில்லை. அந்தத் தாளைத் தம்பையா அண்ணனிடம் கொடுத்து லேமினேஷன் போட்டு வாங்கி, டிங்கி லைசன்ஸோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.